புங்கமரத்தில் ஒரு சிவப்பு அம்பு

டேனி,

அம்மாவிடமிருந்து கடிதம் என்றதும் பதறாதே. வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை அதே அளவில்தான் இருக்கிறது, எனக்கு முட்டிவலி அதே இடத்தில்தான் இருக்கிறது. போனிலேயே பேசலாம்தான். ஆனால் போனில் நான் ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்றபடி வேறு வேலையைப் பார்ப்பாய். எனக்கும் சொல்ல வந்தது மறந்துபோய், பேச்சு கல்யாணச் சமையலுக்குத் தாவிவிடும். அதனால் கம்பெனி செக்கிங் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். முடித்ததும் ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ பிடித்து உன் போனுக்கு அனுப்புவேன். சனிக்கிழமைக்குள் அந்தப் புங்கமரப் படத்தை வேலைக்காக ஸ்டுடியோவுக்கு அனுப்ப வேண்டும் என்று சொன்னாய். இன்று வியாழக்கிழமை. அனுப்புவதற்கு முன்னால் இதை நீ கடைசிவரைக்கும் படித்தாக வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சர்ச்சில் அன்றைக்கு உங்கள் இரண்டாவது கல்யாண ஓலை வாசித்தார்கள். உன் பெயரையும் கிரேஸ் பெயரையும் சேர்த்துச் சொல்லி, இந்தத் திருமணத்துக்கு யாருக்காவது தடை உண்டா என்று போதகர் கேட்டபோது, ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை என்றாலும் நான் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். குறை தேடுகிற தொழில் புத்தி. வீட்டுக்கு வந்ததும் நீ சட்டையைக்கூட மாற்றாமல் பென் டிரைவை டிவியில் செருகினாய். எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரில் நிற்கிற புங்கமரம், நீ கம்ப்யூட்டரில் வளர்த்தது, டிவியில் வந்தது. முதலில் மொட்டைக் கிளைகள். பிறகு செம்பு நிறத்தில் தளிர். தளிர் விரிந்து பச்சையாகி, காற்று வந்து, மரம் முழுக்க ஓர் ஆட்டம் ஆடி அடங்கியது. மொத்தமும் ஒரு நிமிஷம்கூட இருக்காது. நீ என் பக்கம் திரும்பி, "செக் பண்ணும்மா" என்றாய்.

நான், "சூப்பரா இருக்குதுபா, அடுப்புல குக்கர் விசில் அடிச்ச மாதிரி இருந்துச்சு, பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்கு ஓடினேன். அடுப்பில் குக்கரே இல்லை. நீ பின்னாலேயே வந்து வெறும் அடுப்பைப் பார்த்தாய். "நீ பாக்கவே இல்லையேம்மா" என்றாய், கோபம்கூட இல்லாமல். அதற்குப் பிறகு சாப்பிடும்போது நான் இரண்டாவது முறை குழம்பு ஊற்றியதற்கு, எப்போதும் போல, "இன்னாம்மா, மூழ்கடிக்கப் பாக்கிறியா" என்று நீ கேட்கவில்லை. சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு வாலாஜாபேட்டையில் உன் அறைக்குப் போய்விட்டாய்.

நான் ஏன் ஓடினேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். அதற்கு அந்த இலையைப் பற்றிப் பேசியாக வேண்டும். ஆறு வருஷமாக நீ பேசாத இலை.

என் வேலை உனக்குத் தெரியும், ஆனால் நாளைக்குக் கிரேஸும் இதைப் படிப்பாள், அதனால் சொல்கிறேன். ஷூவின் மேல்பகுதியை நாங்கள் அப்பர் என்போம். இடது கால் அப்பரையும் வலது கால் அப்பரையும் டியூப்லைட் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஜோடி சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் தோல் வழவழப்பாக இருந்து மற்றதில் சொரசொரப்பாக இருந்தால் ஜோடி இல்லை. மாட்டை உண்ணி கடித்த தழும்பு, கழுத்துச் சுருக்கம், தோலுக்கடியில் நரம்பு ஓடிய கோடு, எது தெரிந்தாலும் அந்த இடத்தில் ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பின் முனை குறையைக் காட்டும். பத்தொன்பது வருஷமாக இதுதான். என் முந்தானையில், டிபன் பாக்ஸ் மூடியில், ஒருமுறை தூங்கிக்கொண்டிருந்த உன் நெற்றியில்கூட அந்த அம்பு வந்து ஒட்டியிருக்கிறது. உங்கப்பா அதைப் பார்த்துவிட்டு, "பெத்ததையும் ரிஜெக்ட் பண்ணிட்டியா" என்று கேட்டார்.

நீ காலேஜ் கடைசி வருஷத்தில் இருந்தாய், சென்னையில் ஓர் அனிமேஷன் ஸ்டுடியோவில் வேலை கேட்டிருந்தாய். ஒரு மாதமாகக் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, அந்தப் பழைய லேப்டாப்பில் கட்டம் கட்டமாக எதையோ போட்டு, கட்டத்துக்குக் கட்டம் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தாய். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்தவளைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாய். திரையில் ஓர் அரச இலை தானாக வளர்ந்தது. காம்பிலிருந்து நடு நரம்பு வந்தது, அதிலிருந்து கிளை நரம்பு, அதிலிருந்து நூல் நூலாக இன்னும் நரம்பு. எத்தனை படம் வரைந்தாய் என்று கேட்டேன். "ஒண்ணுகூட வரையலம்மா. ரூல் மட்டும் சொல்லிக் குடுத்திருக்கேன். இலை பூரா புள்ளி தூவிட்டேன். நரம்பு பக்கத்துல எந்தப் புள்ளி இருக்குதோ அதைத் தேடிப் போவும். தொட்டதும் அந்தப் புள்ளி மறைஞ்சிடும். அப்புறம் அடுத்த புள்ளி" என்றாய். "நம்ம கம்பெனி பஸ்ஸு மாதிரின்னு சொல்லு. எந்த ஸ்டாப்புல பொம்பளைங்க நிக்கிறாங்களோ அங்க திரும்புது, ஏத்திக்கினதும் ஸ்டாப்பு காலி" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்து, "அதேதாம்மா, அதேதான்" என்றாய். நான் அதோடு எழுந்து போய் டீ போட்டிருக்கலாம்.

போகவில்லை. "நிறுத்துடா அதை" என்றேன். முழுதாக வளர்ந்த இலையை நீ நிறுத்தினாய். நான் பையிலிருந்து ஸ்டிக்கர் ஷீட்டை எடுத்தேன். இடது பாதியில் பதினொரு நரம்பு, வலது பாதியில் ஒன்பது. ஓரிடத்தில் நரம்பு கோணிக்கொண்டு போனது. ஓரத்தில் பூச்சி கடித்த ஓட்டை. இலையின் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. லேப்டாப் கண்ணாடி மேலேயே ஒட்டினேன், இருபத்து மூன்று அம்பு. "ரெண்டு பக்கமும் ஜோடி சேரலயேபா, இதை அனுப்பினா ரிஜெக்ட் பண்ணிடுவாங்க" என்றேன். "இலை அப்படித்தாம்மா இருக்கும்" என்று நீ மெதுவாகச் சொன்னாய். "இலை இருக்கும். அனுப்புற மாலு அப்படி இருக்கலாமா?" என்று கேட்டேன். எவ்வளவு பெரிய வக்கீல் பார் உன் அம்மா.

மறுநாள் இலையைத் திரும்பக் காட்டினாய். இரண்டு பாதியும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தது. நான் உன் தலையைத் தடவி, "இப்பதான் பாஸ்" என்றேன். கம்பெனியில் பக்கத்து டேபிளில் உட்காருகிற பர்வீனிடம், என் பையனுக்கே நான்தான் செக்கர் என்று பீற்றிக்கொண்டேன். பத்து நாள் கழித்து நீ, "சென்னை ஸ்டுடியோவுல இடம் இல்லையாம்மா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். பிறகு ராணிப்பேட்டையில் ஷூ டிசைன் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தாய். என் பிள்ளை என் தொழிலுக்கே வந்துவிட்டான் என்று எனக்கு உள்ளூர சந்தோஷம்கூட.

இரண்டு வாரத்துக்கு முன்னால் கிரேஸ் ரவிக்கை அளவு கொடுக்க ஜோலார்பேட்டையிலிருந்து வந்தாள் அல்லவா, அன்றைக்குத்தான் தெரிந்தது. "அத்தை, அவரோட பழைய லேப்டாப் ஓரத்துல ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருக்கே, நீங்க ஒட்டினதாமே?" என்று கேட்டாள். ஆமாம் கண்ணு என்று பெருமையாகச் சொன்னேன். "ஏன் பிய்க்காம வெச்சிருக்கீங்கன்னு கேட்டேன். அம்மா ஒட்டினதுன்னார். பாவம் அத்தை, ஒரு மாசம் வளர வெச்ச இலை. நீங்க சொன்னீங்கன்னு பாதியை வெட்டிட்டு, மீதிப் பாதியைக் கண்ணாடியில காட்டுற மாதிரி அந்தப் பக்கம் திருப்பி ஒட்டி அனுப்பிட்டார். இது வளர்ந்த இலை மாதிரி இல்ல, அச்சுல எடுத்த பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்குதுன்னு ஸ்டுடியோக்காரங்க எழுதிட்டாங்களாமே" என்றாள். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துத்தான் அந்தப் பெண் சொன்னாள், ஏன் சொன்னாய் என்று அவளைக் கேட்காதே. நான் அவளுக்குத் தோள் அளவு மூன்று முறை எடுத்தேன். மூன்றும் மூன்று விதமாக வந்தது.

ஏன்டா நான் சொன்னதைக் கேட்டாய்? ஹெல்மெட் போடு என்று சொன்னால் கேட்கமாட்டாய். முடியை வெட்டு என்றால் ஒரு வருஷம் ஆகும். உலகத்தில் எத்தனையோ சொன்னேன், இதைப் போய்க் கேட்டாயே. அன்றைக்கு, "உனக்கு ஷூ தெரியும், இலை தெரியாதும்மா" என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதானே. எதை நீ அதிகப் பாடுபட்டுச் செய்தாயோ, அந்த ஓட்டை, அந்தக் கோணல், அந்த நுனிச் சாய்வு, அதன் மேலேயே தேடித் தேடி ஒட்டியிருக்கிறேன். கிரேஸ் போன பிறகு கொல்லையில் துணி துவைப்பது போல் உட்கார்ந்து அழுதேன். தப்பு செய்துவிட்டேன், டேனி. அம்மாவை மன்னித்துவிடு.

சாக்கு சொல்வதற்காக அல்ல, ஆனால் நான் ஏன் அப்படி ஆனேன் என்று ஒன்று சொல்கிறேன். டேபிளில் உட்கார்ந்த முதல் வருஷம் என் கண்ணுக்குத் தப்பி, ஜோடி சேராத அப்பர்கள் ஒரு பெட்டியில் போய்விட்டன. யாரோ பிரித்துப் பார்த்ததில் மொத்த மாலும் திரும்ப டேபிளுக்கு வந்தது. என் ஒருத்தியால் லைனில் இருந்த எல்லாப் பெண்களும் ஞாயிற்றுக்கிழமை வந்து எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் பார்த்தார்கள். ஒருத்தியும் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் முதலில் குறையைப் பார்க்கிற கண் வந்துவிட்டது. உன் மார்க் ஷீட்டையும் அப்படித்தான் பார்த்தேன். பர்வீனின் மகனோடு உன்னை ஜோடி சேர்த்துப் பார்த்ததும் அப்படித்தான். அவன் டிப்ளமா சேர்ந்தால் நீ ஏன் சேரவில்லை, அவன் பெரியவர்களிடம் கலகலப்பாகப் பேசுகிறான், நீ ஏன் பேசுவதில்லை என்று பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் உன்னை அறுத்திருக்கிறேன். நீங்கள் என்ன ஒரு பெட்டியில் போகிற இரண்டு ஷூவா? இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது உனக்கு வந்திருக்காது.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நீ "செக் பண்ணும்மா" என்றபோது சமையலறைக்கு ஓடினேன். இந்தக் கண்ணால் மறுபடியும் எதையாவது பார்த்து, வாய் சும்மா இல்லாமல் சொல்லி, நீ அதையும் கேட்டுத் தொலைத்தால்? பார்க்காமலே பாஸ் போட்டுவிடுவது நல்லது என்று நினைத்தேன். பார்க்காமல் போட்ட பாஸ் ரிஜெக்டை விட மோசம் என்று உன் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஆறு வருஷத்துக்குப் பிறகு அம்மாவிடம் காட்டத் தோன்றியிருக்கிறது உனக்கு. அந்த நேரத்தில் போய்க் குக்கர் என்று பொய் சொன்னேனே.

திங்கட்கிழமை டிபன் நேரத்தில் நிஜ மரத்துக்கடியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பர்வீன், "இன்னாக்கா, மரத்தை செக் பண்றியா? பேஜார் புடிச்ச பொம்பளை" என்றாள். ஆமாம் என்றேன். பத்தொன்பது வருஷமாக அதன் நிழலில் சாப்பிடுகிறேன், ஒருநாளும் இலையைப் பார்த்ததில்லை. பாதி இலையில் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. ஒரு பக்கம் கிளை தழைத்து, மறுபக்கம் மின்கம்பிக்காக வெட்டி மொண்டியாக நின்றது. எந்த இலையும் எந்த இலையோடும் சேரவில்லை. "பூராவும் ரிஜெக்ட்டுடி" என்றேன். அவள், "அப்ப நிழலும் ரிஜெக்டா, எழுந்து வெய்யில்ல உக்காரு" என்றாள். அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது.

நேற்று அரை நாள் லீவு போட்டேன். நீ டிவியில் விட்டுப் போன பென் டிரைவ் அப்படியே இருந்தது. ரிமோட்டை உங்கப்பாவிடம் கொடுத்து, நான் சொல்கிற இடத்தில் நிறுத்தச் சொல்லி, முப்பது தடவைக்கு மேல் பார்த்தேன். அவர் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி தாமதமாகத்தான் அமுக்கினார், அதற்கு ஒரு சண்டை. டேனி, கொப்புளத்தையும் வைத்திருக்கிறாய். மின்கம்பிக்காக வெட்டிய மொண்டிக் கிளையையும் வைத்திருக்கிறாய். கீழே கேட் பக்கம் ஒரு கிளை மட்டும் மற்றதெல்லாவற்றையும்விடத் தாழ வளைந்திருக்கிறது. நாங்கள் டிபன் பை மாட்டுகிற கிளை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் வெளியே வருகிற வரைக்கும் அதில் நீ தொங்கிக்கொண்டிருப்பாய். காற்று வரும்போது எல்லாக் கிளையும் மேலே எழும்பி ஆடுகிறது, அது மட்டும் பை மாட்டியிருக்கிற மாதிரி கனமாக ஆடுகிறது. நான் கேட்காமலே உங்கப்பா பின்னால் ஓட்டி இன்னொரு முறை போட்டார்.

இருபதாவது தடவையோ என்னவோ, ஓர் இடம் என் கண்ணில் பட்டது. முதலில் மனப்பிரமை என்று நினைத்தேன். மறுபடி போடச் சொன்னேன். இருந்தது. உங்கப்பாவிடம் காட்டினேன், அவருக்குத் தெரியவில்லை. "உட்டுடு, சொல்லாத. புள்ள சந்தோசமா இருக்கான், கல்யாண நேரம்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். கேட்டுவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்தும் பார்த்தேன். முடியவில்லை. அந்த ஸ்டுடியோவில் யாருக்காவது கண்ணில் பட்டுவிட்டால், எனக்குத் தெரிந்தும் சொல்லாமல் விட்டேன் என்று ஆகும். சொல்லி, நான் சொன்னது தப்பாக இருந்தால், மறுபடி ஆறு வருஷம். இரண்டுக்கும் பயந்துதான் இந்த நோட்டை எடுத்தேன்.

ஒரு விஷயம் மட்டும் சத்தியம் செய்து கொடு. நான் சொல்வதால் நீ எதையும் மாற்றக் கூடாது. அந்த இடத்தைப் போட்டு உன் கண்ணாலே பார். உனக்கும் அது குறை என்று பட்டால் மாற்று. இல்லையென்றால் அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று சொல்லி அப்படியே அனுப்பு, நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளமாட்டேன். இரண்டு நாள்தான் வைத்துக்கொள்வேன். கிரேஸ் விஷயத்திலும் இதையே சொல்கிறேன். அவள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினால் உட்கார்ந்து பார். நேரம் இல்லையென்றால் நேரம் இல்லை என்று சொல், பார்க்காமல் சூப்பர் என்று மட்டும் சொல்லாதே. பார்த்துவிட்டு வாயைத் திறப்பதற்கு முன்னால், எதற்காக இப்படிச் செய்தாய் என்று ஒருமுறை கேள். அந்த இலையைக் காட்டிய அன்றைக்கு நான் கேட்காமல் விட்டது அதைத்தான். கல்யாணத்தன்று எல்லாரும் வந்து நல்ல ஜோடி, நல்ல ஜோடி என்பார்கள், சிரித்துக்கொள். அவள் காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறவள், நீ எட்டு மணிக்கும் புரளுகிறவன். அவள் உரக்கப் பேசுவாள், நீ மூன்று நாள் கழித்துப் பேசுவாய். யாரும் யாரையும் வெட்டித் திருப்பி ஒட்ட வேண்டாம்.

இப்போது அந்த இடம். இருபத்திரண்டாவது விநாடியில் காற்று முதலில் வருகிறதே, அங்கே நிறுத்து. உச்சிக்குக் கொஞ்சம் கீழே இடது பக்கம் ஒரு கிளை இருக்கிறது. வலது பக்கம் பின்னால், சின்னதாக, பாதி மறைந்து இன்னொரு கிளை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார். அதே ஏழு கொத்து, மூன்றாவது கொத்தில் அதே கொப்புளம், காற்றுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் குனிந்து ஒரே நேரத்தில் நிமிர்கின்றன. ஒன்றையே எடுத்து, கண்ணாடியில் காட்டுகிற மாதிரி திருப்பி, சின்னதாக்கி வைத்திருக்கிறாய். நேராக வைத்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்கும். திருப்பி வைத்ததால் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருப்பாய், இல்லை மறந்தே போயிருப்பாய். ஆனால் ஒன்று இடது கால், ஒன்று வலது கால், டேனி. பத்தொன்பது வருஷமாக நான் பார்ப்பது அதைத்தானே.

டிவி கண்ணாடியில் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டி, போட்டோவையும் இதோடு அனுப்புகிறேன். அன்றைக்கு ஜோடி சேராத இடத்தில் எல்லாம் ஒட்டினேன். இது ஜோடி சேர்ந்துவிட்ட இடம். முப்பது தடவை பார்த்தும் வேறு எங்கேயும் ஒட்ட எனக்கு இடம் கிடைக்கவில்லை. மற்றபடி மரம் முழுக்க, ஓர் இலைகூட இன்னோர் இலையோடு ஜோடி சேரவில்லை.

பாஸ்.

அம்மா